கரையாத கட்டி

மூச்சு வாங்குகிறது என்று ஏற்காட்டில் யாராவது சொன்னால் பழி முதலில் மலையின் தலையில்தான் விழும். அப்புறம் பனி, அப்புறம் காப்பிக் களத்துத் தூசி, கடைசியாக வயசு. என் அத்தைக்கும் இதே வரிசைதான் நடந்தது. நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் மாமா மேஸ்திரி. கல்யாணமாகி மேலே போன நாளிலிருந்து அத்தைக்கு எல்லாம் அங்கேதான். ஐம்பதைத் தாண்டியும் களத்தில் நின்று காப்பி கிளறுகிற ஆள்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால், ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடற்கரையில் கிடைப்பதைவிட ஆறில் ஒரு பங்கு போலக் குறையும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து பஸ்ஸை விட்டு இறங்குகிற சுற்றுலாக்காரருக்குப் படி ஏறும்போது லேசாக இரைக்கலாம். சரி. ஆனால் முப்பது வருஷமாக அங்கேயே இருக்கிற பொம்பளைக்குப் போன வருஷம் இல்லாத இரைப்பு இந்த வருஷம் வந்தால் அதற்கு மலை எப்படிப் பொறுப்பாகும்? மலை அதே உயரத்தில்தானே இருக்கிறது.

நான் சேலத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் சி.டி. டெக்னீசியன். டாக்டர் இல்லை. படம் எடுப்பது என் வேலை, அதைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்ட். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு யாரும் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுகிற மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. நுரையீரலில் ரத்தக்கட்டி என்று சொல்லப்படுகிறவர்களில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் இருப்பது ரத்தக்கட்டிதான். நான் எழுதப்போவது அந்த 'கிட்டத்தட்ட'வுக்கு வெளியே விழுகிறவர்களைப் பற்றி.

அத்தைக்கு முதலில் ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள். ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரையும் வந்தது. தீபாவளிக்குக் கீழே வந்தபோது எங்கள் வீட்டு மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணுமில்ல கண்ணு, சித்த நேரம் உக்காந்தா சரியாப் போயிரும்" என்றார். விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டினேன், ரத்தத்தில் ஆக்ஸிஜன் 88 சதவீதம்தான் காட்டியது. மறுநாளே ஒரு தனியார் மருத்துவமனையில் எக்கோ எடுத்தார்கள். இதயத்தின் வலது பக்கம் வீங்கியிருந்தது, நுரையீரலுக்குப் போகும் குழாயில் அழுத்தம் மிக அதிகம். அன்று சாயங்காலமே சி.டி. ஆஞ்சியோ. 'பெரிய ரத்தக்கட்டி, வலது நுரையீரல் தமனியை முழுசாக அடைத்திருக்கிறது' என்று ரிப்போர்ட் வந்தது. ஐ.சி.யு., ரத்தம் உறையாமல் தடுக்க வயிற்றில் ஹெப்பாரின் ஊசி, ஆக்ஸிஜன், எல்லாம் முறையாக நடந்தது. அந்த நிலையில் யார் பார்த்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நுரையீரல் ரத்தக்கட்டி கவனிக்காமல் விட்டால் ஆளைக் கொல்லும், அதுவும் மணிக்கணக்கில்.

இந்த இடத்தில் அந்த ஸ்கேன் எப்படி எடுக்கப்படுகிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தப்பு நடக்க வாய்ப்பிருக்கிற வாசல் இதுதான், வெளியில் இருப்பவர்கள் யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

முழங்கை மடிப்பில் பச்சை நிற வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்றுகிற ஊசிக்குழாய், போடுவோம். ரோஸ் நிறத்தைவிடத் தடிமனானது, ஏனென்றால் மருந்து வேகமாகப் போக வேண்டும், நொடிக்கு நாலைந்து மில்லி. அயோடின் கலந்த காண்ட்ராஸ்ட் மருந்து. "உடம்பெல்லாம் சூடு பரவும், ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரியே இருக்கும், ஆனா போயிருக்க மாட்டீங்க, பயப்படாதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் பட்டனை அழுத்துவேன். சொல்லாவிட்டால் பாதியில் எழுந்திருக்கப் பார்ப்பார்கள். மருந்து கை வழியாக இதயத்துக்குப் போய், அங்கிருந்து நுரையீரல் தமனிக்கு வரும் தருணத்தை மெஷினே கண்காணிக்கும். தமனி திரையில் வெளுக்கத் தொடங்கிய உடனே படம் பாயும். சில நொடி மூச்சைப் பிடித்திருந்தால் முடிந்தது.

அந்தச் சில நொடியில் ரத்தம் ஓடுகிற இடமெல்லாம் பளீரென்று வெள்ளை. ரத்தம் போகாத இடம் சாம்பல். படம் சொல்வது இவ்வளவுதான்: இங்கே மருந்து வரவில்லை, ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. அடைத்திருப்பது உறைந்த ரத்தமா, சதையா என்று அந்த ஒரு படம் சொல்லாது. சதைக்கட்டியாக இருந்தால் அதற்கும் சொந்தமாகச் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் உண்டு, அதுவும் மருந்தை உறிஞ்சி வெளுக்கும். ஆனால் அதற்கு நேரம் ஆகும். நாங்களோ மருந்து தமனியைத் தொட்ட கணத்திலேயே படத்தை எடுத்து முடித்துவிடுகிறோம். கட்டி வெளுப்பதற்குள் நோயாளி டேபிளை விட்டு இறங்கிவிடுவார். ரத்தக்கட்டியைக் கண்டுபிடிப்பதற்காகவே நேரம் குறித்து வைத்த சோதனையில், மற்றதும் ரத்தக்கட்டி மாதிரியே தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

அந்த மற்றதன் பெயர் நுரையீரல் தமனி சார்கோமா. தமனியின் உள் தோலிலிருந்து முளைக்கிற புற்று. 1923-இல் மாண்டல்ஸ்டாம் என்பவர் ஒரு பிரேதப் பரிசோதனையில் கண்டதை எழுதியதுதான் முதல் பதிவு. வெகு காலம் வரை இது செத்த பிறகு கண்டுபிடிக்கிற வியாதியாகவே இருந்தது. இன்றைக்கும் உலக மருத்துவ இதழ்களில் பதிவானவர்கள் சில நூறு பேர்தான். பெரும்பாலும் நடுவயதுக்காரர்கள். காரணம் இன்னதென்று மருத்துவத்துக்குப் பிடிபடவில்லை. எங்கள் சொந்தத்தில் மட்டும் ஆளுக்கொரு காரணம் பிடிபட்டது. ஒருவர் எஸ்டேட்டில் அடிக்கிற பூச்சிமருந்து என்றார். இன்னொருவர் அத்தை பிறந்து வளர்ந்தது மாக்னசைட் சுரங்கத்துக்குப் பக்கத்து ஊர், அந்த வெள்ளைத் தூசிதான் என்றார். கொரோனா ஊசியைச் சொல்லாதவர் யார்? எதற்கும் ஆதாரம் கிடையாது, ஆனால் துக்கம் விசாரிக்க வருகிற வாய்க்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருக்கிறது.

ரத்தக்கட்டிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மாமாவுக்கு நான் சொன்ன விதம் இது. ரத்தக்கட்டி வாய்க்காலில் அடித்து வந்து மடையில் சிக்கிய சருகு. எங்கேயோ, பெரும்பாலும் கால் நரம்பில், அதாவது அங்குள்ள ரத்தக் குழாயில், உருவாகி, பிய்த்துக்கொண்டு ஓடிவந்து, கிளை பிரியும் இடங்களில் மாட்டும். சார்கோமா வாய்க்கால் கரையிலேயே முளைத்த செடி. வந்து சிக்கியதில்லை, அங்கேயே வேர்விட்டது. மாமா விவசாயம் பார்த்தவர், உடனே புரிந்துகொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்: "அப்ப தண்ணி திறந்துவிட்டா அடிச்சிட்டுப் போகாதே மாப்ளே?"

போகாது. அதுதான் விஷயம்.

வார்டிலிருந்து வந்த பிறகு அத்தைக்கு, ரத்தம் உறையாமல் இருக்க, அசிட்ரோம் மாத்திரை. ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்க்க ஐ.என்.ஆர். சோதனை, அது 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரையை எதிர்த்து வேலை செய்யும். கீரையே சாப்பிடக் கூடாது என்றில்லை, தினமும் ஒரே அளவாக இருந்தால் போதும், ஒரு வாரம் மூட்டை மூட்டையாகத் தின்றுவிட்டு அடுத்த வாரம் நிறுத்துவதுதான் ஆகாது. ஆனால் எங்கள் பக்கம் டாக்டர் 'அளவாக' என்றால் வீட்டுக்கு வருவதற்குள் 'கூடவே கூடாது' ஆகிவிடும். "கொல்லையில முருங்க மரம் தளதளன்னு நிக்குது, நான் வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கறேன்" என்று போனில் அத்தை புலம்புவார். மாத்திரையை ஒரு நாள் விட்டதில்லை. காலண்டர் தாளில் ஐ.என்.ஆர். எண்களை மாமா எழுதி வைத்திருந்தார், எல்லாம் 2-க்கு மேல்.

அந்தக் காலண்டர்தான் பின்னால் பெரிய சாட்சியாக நின்றது. மாத்திரை சரியாக வேலை செய்திருக்கிறது, ஆனால் ஆள் தேறவில்லை. இன்னும் இளைத்தார். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் கணகணத்தது. இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை, உடம்பில் அழற்சி இருந்தால் ஏறுகிற ஈ.எஸ்.ஆர். எகிறியிருந்தது. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வேறு காரணம் சொல்லிவிடலாம். சேர்த்துப் பார்க்கும்போதுதான் ரத்தக்கட்டிக் கதை பொருந்தாமல் போகிறது. வெறும் ரத்தக்கட்டி ஆளை இப்படி மாதக்கணக்கில் உருக்குவதில்லை. முதல் நாளிலிருந்தே பொருந்தாத இன்னொன்றும் இருந்தது: ரத்தக்கட்டி பெரும்பாலும் திடீரென்று வரும். நேற்று நன்றாக இருந்தவர் இன்று மூச்சுக்குத் தவிப்பார். அத்தைக்கு இது மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. கால் ரத்தக் குழாய்களைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேனில் ஒரு அடைப்பும் இல்லை. நெடும் பயணம், ஆபரேஷன், எலும்பு முறிவு எதுவும் இல்லை. (கால் டாப்ளர் சுத்தமாக இருப்பது மட்டும் ஒரு அத்தாட்சி ஆகாது. நிஜமான நுரையீரல் ரத்தக்கட்டிக்காரர்கள் பலருக்கும் காலில் ஒன்றும் தெரியாது.)

இந்த மாத்திரைகளைப் பற்றி ஒரு தப்பெண்ணம் பரவலாக உண்டு. அசிட்ரோமோ ஹெப்பாரினோ கட்டியைக் கரைப்பதில்லை. மேலும் வளராமல் தடுத்து வைக்கும், கரைக்கிற வேலையை உடம்பே பார்த்துக்கொள்ளும். அதனால் மூன்று மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்ட பிறகு பெரும்பாலானவர்களுக்குக் கட்டி இருந்த இடமே தெரியாது. நூற்றில் சிலருக்கு மட்டும் கரையாமல், குழாய்ச் சுவரோடு ஒட்டி வடுவாகி இறுகிவிடும். அது தனி வியாதி, அதற்கும் அறுவை சிகிச்சை உண்டு. அதைக் கண்டு சொல்வதற்கே குறைந்தது 3 மாதம் மருந்து கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் இருப்பது சார்கோமா என்றால் அந்த 3 மாதம் அதற்கு வளரக் கிடைத்த அவகாசம். அறுவை சிகிச்சை இல்லாமல் விட்டால், கண்டுபிடித்த நாளிலிருந்து சராசரியாக ஒன்றரை மாதம்தான் உயிர் என்று புத்தகம் சொல்கிற வியாதி இது.

இரண்டாவது ஸ்கேன் எங்கள் சென்டரில் நடந்தது. நானே எடுத்தேன். திரையில் வலது தமனி பழைய மாதிரியே சாம்பலாக இருந்தது. இல்லை, பழைய மாதிரி இல்லை. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்ததும் எங்கள் ரேடியாலஜிஸ்ட் சார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நாள்பட்ட ரத்தக்கட்டி என்றால் குழாய் சுருங்கியிருக்க வேண்டும். இங்கே குழாய் உப்பியிருந்தது. இதயத்தைப் பார்த்த பக்கம் அடைப்பின் விளிம்பு வெளியே புடைத்துக்கொண்டு நின்றது. ரத்தக்கட்டியின் விளிம்பு பெரும்பாலும் அப்படி எதிர்த்து நிற்காது. ஒரு இடத்தில் குழாயின் சுவரே தெரியவில்லை, சாம்பல் அதை விழுங்கியிருந்தது. இடது பக்கம் கிட்டத்தட்ட சுத்தம். சருகு வந்திருந்தால் இரண்டு பக்கமும் சிதறியிருக்குமே.

"ஆளை இறக்கிடாதீங்க. அப்படியே இன்னொரு ரவுண்டு எடுங்க" என்றார் சார்.

எடுத்தேன். மருந்து போய் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தமனியில் வெள்ளை மங்கியிருந்தது, அந்தச் சாம்பலுக்குள் அங்கங்கே திட்டுத் திட்டாக வெளுப்பு ஏறியிருந்தது. உறைந்த ரத்தத்துக்குள் மருந்து போக வழி ஏது? சார் ஒன்றும் பேசவில்லை, மவுஸை உருட்டி அந்தத் திட்டின் மேல் வட்டம் போட்டு அளந்தார். முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் எண் கணிசமாக ஏறியிருந்தது. உள்ளே டேபிளில் அத்தை, "ஆச்சா கண்ணு, எந்திரிக்கட்டா?" என்று மைக்கில் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு பெட் ஸ்கேன். கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை நரம்பில் ஏற்றி, உடம்பில் எது அதை அதிகமாகத் தின்கிறது என்று பார்ப்பது. வெறும் ரத்தக்கட்டி பொதுவாக அதைத் தொடாது. சார்கோமா பெரும்பாலும் தின்னும். பெரும்பாலும் என்கிறேன், சர்க்கரையைச் சீண்டாமல் இருந்த சார்கோமாவும் பதிவாகியிருக்கிறது. அத்தையுடையது நன்றாகவே ஒளிர்ந்தது. சில இடங்களில் தொடை நரம்பு வழியாகக் கம்பி விட்டு, இதயத்தைத் தாண்டிப் போய்க் கட்டியிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி எடுப்பார்கள். மூச்சுக்குழாய் வழியாக ஊசியால் எடுப்பதும் உண்டு. அத்தைக்கு அதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், நேராக ஆபரேஷனில் பார்த்துக்கொள்ளலாம் என்று, அடுத்து நாங்கள் போன பெங்களூர் மருத்துவமனையில் முடிவு செய்தார்கள்.

பெங்களூருக்குப் போகும்போது மாமா ஒரு மஞ்சப்பை நிறைய பிலிம் எடுத்து வந்திருந்தார். எக்ஸ்ரே, எக்கோ பேப்பர், பழைய ரிப்போர்ட், எல்லாம். அங்கே முதலில் கேட்டது முதல் ஸ்கேனைப் பதிந்து கொடுத்த குறுந்தட்டை. பிலிமில் பொறுக்கி எடுத்த சில படங்கள்தான் இருக்கும். தட்டில் நூற்றுக்கணக்கான படங்கள் அப்படியே இருக்கும், விளிம்பை அளக்கலாம், திருப்பிப் பார்க்கலாம், இரண்டு ஸ்கேனை அருகருகே ஓடவிடலாம். நல்லவேளை, அந்தத் தட்டு ரிப்போர்ட் கவரின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. தூக்கிப் போட்டுவிட்டுப் பிலிமை மட்டும் பீரோவில் பூட்டி வைத்திருக்கிற குடும்பங்களை நான் வாரா வாரம் பார்க்கிறேன்.

ஆபரேஷனைப் பற்றி சர்ஜன் மாமாவுக்கு ஒரு தாளில் வரைந்து காட்டினார். நெஞ்சைத் திறந்து, இதய நுரையீரல் மெஷினில் இணைத்து, உடம்பை 18 முதல் 20 டிகிரி வரை குளிர வைப்பார்கள். அப்புறம் ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிட்டு, ஒரு தடவைக்கு இருபது நிமிஷம் போல, ரத்தமில்லாத குழாயை வெட்டித் திறந்து உள்தோலோடு சேர்த்து உரித்தெடுப்பார்கள். சுவரைத் தாண்டிப் பரவியிருந்தால் அந்தப் பக்க நுரையீரலையே எடுக்க வேண்டி வரலாம்.

"அந்த இருவது நிமிசம் அவ உசுரோட இருப்பாளா டாக்டர்?" என்று கேட்டார் மாமா.

"இருப்பாங்க. அந்தக் குளிர்ல மூளைக்கு ஆக்ஸிஜன் தேவை ரொம்பக் குறைஞ்சிடும். அதுக்குள்ள வேலையை முடிச்சிட்டு மறுபடி ஓட விட்டுடுவோம்."

மாமா அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எடுத்த கட்டி வெளிர் மஞ்சளில், கொழகொழவென்று, ஜெல்லிபோல இருந்தது. பயாப்சியில் இன்டிமல் சார்கோமா, அதாவது குழாயின் உள்தோலில் முளைத்த சார்கோமா, என்று வந்தது. எம்.டி.எம்.2 என்கிற மரபணு அளவுக்கு மீறிப் பெருகியிருந்ததாகவும் எழுதியிருந்தார்கள். இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் அது உண்டு, நுண்ணோக்கியில் சந்தேகம் வந்தால் உறுதிப்படுத்த உதவுகிற அடையாளம். அதற்கென்று குறிவைத்த மருந்துகள் ஆய்வில் இருக்கின்றன. அத்தைக்குக் கிடைத்தது வழக்கமான டாக்ஸோரூபிசினும் ஐஃபோஸ்ஃபமைடும். முதலாவதை வார்டில் சிவப்பு மருந்து என்பார்கள். ஏற்றிய பிறகு சிறுநீரும் சிவப்பாகப் போகும், முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி அரண்டுபோவார்.

இதன் பங்காளிகள் இன்னும் சிலர் உண்டு. சிறுநீரகப் புற்று சிறுநீரக நரம்பு வழியாகவே வளர்ந்து, இதயத்துக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்க்குள் நுழைந்து, துண்டு உடைந்து நுரையீரலில் வந்து அடைப்பது ஒன்று. இதயத்தின் வலது அறையில் வளர்கிற மிக்சோமா என்ற கட்டி உடைந்து வருவது இன்னொன்று. ரத்தக் குழாய்ச் செல்களிலிருந்தே வருகிற எபிதெலியாய்டு ஹீமாஞ்சியோஎண்டோதீலியோமா என்று ஒன்று. பெயர்தான் நீளம், பல வருஷம் சத்தமில்லாமல் இருக்கிற ஆளும் உண்டு. எல்லாமே அரிது, எல்லாமே முதல் பார்வைக்கு ரத்தக்கட்டி மாதிரி தெரியக்கூடியவை.

எல்லாரையும் சந்தேகப்பட்டு எல்லாருக்கும் பெட் ஸ்கேன் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. நான் சொல்வது அதைவிட எளிது. மருந்தே ஒரு சோதனை. சரியான அளவில், விடாமல், ஐ.என்.ஆர். காட்டுகிறபடி சாப்பிட்டும் படத்தில் அடைப்பு குறையவில்லை, அல்லது வளர்ந்திருக்கிறது என்றால், மாத்திரையை மாற்றுவதற்கு முன் 'இது ரத்தக்கட்டிதானா?' என்று ஒரு தடவை கேட்க வேண்டும். மருந்து மாற்றிப் பார்ப்போம், கட்டியைக் கரைக்கிற பெரிய ஊசி போட்டுப் பார்ப்போம் என்று போவதில் ஆபத்தும் உண்டு: சதையை அந்த ஊசி கரைக்காது, வேறு எங்கேயாவது ரத்தக்கசிவைக் கொண்டுவந்துவிடும். டாக்டரிடம் இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் ஆட்கள் தயங்குவார்கள். அத்தையைக் கடைசிவரை பார்த்த நெஞ்சக மருத்துவர் மாமாவின் காலண்டர் தாளைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாவது ஸ்கேனையே எழுதினார், ஒரு வார்த்தை கோபிக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து மேலே போன அத்தை அந்த வருஷக் காய்ப்பு சீசனுக்குக் களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தார். மல்லாந்து படுத்துத் தூங்க முடிந்தது. முன்பு இரண்டு தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தே தூங்கியவர். அசிட்ரோம் நிறுத்தியாயிற்று என்றதும் முதலில் செய்தது முருங்கைக்கீரைப் பொரியல். காப்பியைப் பூக்க வைக்கிற அடுத்த பூ மழைக்கும் இருந்தார். அதற்கடுத்த மழைக்காலத்தில் இடது நுரையீரலில் திரும்ப வந்தது, இரண்டாவது தடவை கத்தி வைக்க முடியாத இடத்தில்.

பதினாறாம் நாள் காரியத்தில் இதைப் பற்றி வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. என் அப்பாவுக்கு இன்றுவரை ஆறவில்லை. அவ்வளவு பெரிய ஆபரேஷன், அவ்வளவு செலவு, கடைசியில் என்ன ஆச்சு, சும்மா விட்டிருந்தால் தங்கச்சி நோகாமல் போயிருப்பாள் என்பார். மாமா அப்படி நினைக்கவில்லை. "உக்காந்துக்கிட்டே மூச்சுக்கு முட்டி முட்டிச் சாவறதுதான் நோகாமப் போறதா மச்சான்?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. அந்த மாடிப்படி நாளையும் இரண்டு ஸ்கேனையும் பார்த்தவன் நான், இந்த விஷயத்தில் மாமா பக்கம்தான்.